பதினேழாம் அத்தியாயத்துக்காரி

"மேடம், பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பிடுங்க. ரெண்டே நிமிஷம். பின்னாடி தோட்டம் தெரியணும், முடிஞ்சா ஒரு மாடு. அப்புறம் அந்தத் தண்ணி சீன் இருக்கே, பதினேழாம் அத்தியாயம், அதைப் பத்திக் கண்டிப்பா பேசுங்க. அதுதான் மேடம் புத்தகத்தோட உயிரு." சென்னையிலிருந்து பதிப்பாளர் கீர்த்திவாசன் பேசி அனுப்பியிருந்தது. ஒன்பதேகாலுக்கு வந்தது. நாலு தடவை கேட்டுவிட்டேன், ஒவ்வொரு தடவையும் 'உயிரு' என்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். உயிர்தான், அதிலென்ன பொய், ஒரு கிழவியின் உயிர் போகிறதுதானே அந்த அத்தியாயம். முடிஞ்சா ஒரு மாடு. கட்டுத்தறியில் இரண்டு நிற்கின்றன, ஒன்று போனைக் கண்டால் மிரளும், இன்னொன்று எதைக் கண்டாலும் சாணி போடும். என் வீட்டுக்காரர் போர் மோட்டாரைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு தாராபுரம் போயிருக்கிறார், மதியத்துக்கு மேல்தான் வருவார். வீட்டில் நானும் பத்துப் புத்தகங்களும் மட்டும். நேற்று சாயங்காலம் பஸ் பார்சலில் வந்தவை. அட்டையைத் தடவிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், 'சம்பூரணம்' என்று என் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தேன், பிறகு கட்டில்மேல் அடுக்கி ஒரு பழைய சேலையைப் போட்டு மூடிவிட்டேன். மூன்றாவது நாவல். முதல் இரண்டும் வந்தபோது வாசலில் முறத்தில் வைத்துப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டியவள் நான். இப்போது களவாண்ட பொருளை மறைக்கிற மாதிரி மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்குப் பாவாத்தாக்கா வருவாள். தினமும் வருவாள். எங்கள் தோட்டத்துக்கும் அவர்கள் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி, அதில் ஒரு படல், இருபத்தாறு வருஷமாக அந்தப் படலுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வந்து கட்டிலைப் பார்ப்பாள், சேலையைத் தூக்குவாள், என்ன இது என்பாள். ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பஸ் போர்டு படிப்பாள், விதைப் பாக்கெட் படிப்பாள், என் இரண்டாவது நாவலை வாங்கிக்கொண்டுபோய் நாலு மாதம் படித்தாள். திருப்பித் தரும்போது சொன்னாள்: "நல்லாத்தான் எழுதிருக்கற கண்ணு. ஆனா நூத்திப் பத்தாம் பக்கத்துல மார்கழில வெங்காயத்துக்கு மருந்தடிக்கறாங்க. எந்தக் கூறுகெட்டவன் மார்கழில அடிப்பான்?" சரிதான். அந்த வரியைத் திருத்தச் சொல்லிக் கீர்த்திவாசனுக்கு அன்றைக்கே எழுதினேன். அப்படிப் படிக்கிறவள். எல்லாவற்றையும் படிப்பாள். பதினேழாம் அத்தியாயத்தையும் படிப்பாள்.

அவள் அதைச் சொன்னது போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடியில். எங்கள் களத்தில் சின்ன வெங்காயம் மலையாகக் குவிந்து கிடந்தது, நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தோம், காற்று தோலை வாரி முகத்தில் அடித்தது, வெங்காய நெடியில் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. அழுகிறாளா நெடியா என்று தெரியாமல்போக அதைவிடத் தோதான நேரம் இல்லை, அதற்காகவே அவள் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாளோ என்று பிறகு நினைத்திருக்கிறேன். முதலில் ஒன்றுமில்லாத பேச்சுத்தான். மயில் வந்து கொத்துகிறது, மருமகள் நிவேதாவுக்குத் திருப்பூரில் வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது, இப்படி. அப்புறம் கை நிற்காமலே சொன்னாள். "என்ற மாமியா சாகறப்ப நான் ஊட்லதான் இருந்தேன் கண்ணு." எனக்கு அது தெரியும், ஊருக்கே தெரியும், பதினொரு மாதம் வாதத்தில் கிடந்தவளுக்கு அள்ளிப்போட்டுக் கழுவிவிட்டதைச் சொல்லிச் சொல்லி இந்தப் பக்கத்து மாமியார்களெல்லாம் தங்கள் மருமகள்களைக் குத்திக்காட்டுவார்கள். "பின்னாடி பொடக்காளியில துணி தொவைச்சிட்டிருந்தேன். பாவா, தண்ணின்னு கூப்புட்டா. கேட்டுது. மறுக்காக் கூப்புட்டா. எந்திரிக்கோணும்னு நெனச்சேன். எந்திரிக்கல. மூணாவதா ஒரு சத்தம் வந்துது, அதுல தண்ணிங்கறது இல்ல, பேரு மட்டுந்தான். நான் பாட்டுக்கு அந்தப் போர்வையை அலசிட்டே இருந்தேன். அலசிப் புழிஞ்சு கொடியில போட்டுட்டு உள்ள போனேன், போயிட்டா." வெங்காயத்தை எடுத்தாள், தாளை அறுத்தாள், கூடையில் போட்டாள். "ஆருகிட்டயும் சொல்லல. அவர்கிட்டக்கூட. உன்கிட்டத்தான்." நான் என்ன சொன்னேன்? எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். "விடுங்க்கா" என்று சொன்னேன். இவ்வளவுதான். கையைக்கூடப் பிடிக்கவில்லை, கையெல்லாம் வெங்காயச் சாறு. அவள் மேலே ஏதாவது சொல்ல வந்தாளா, ஒரு நிமிஷம் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது, அந்த நேரம் பார்த்து வெங்காய வியாபாரி வண்டி வந்துவிட்டது, அவள் எழுந்து சேலையை உதறினாள். நான் அவள் முகத்தைக் கவனித்தேன். அதுதான் இப்போது சுடுகிறது. ஒரு தோழி பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை. உதறும்போது தோல்கள் பறந்ததையும், அதில் ஒன்று அவள் புருவத்தில் ஒட்டிக்கொண்டதையும், அதை அவள் எடுக்காததையும் பார்த்தேன். அது புத்தகத்தில் இருக்கிறது, தோலுக்குப் பதில் பஞ்சாக. இருநூற்று நாலாம் பக்கம், மேலிருந்து ஐந்தாவது வரி.

அன்றைக்குச் சாயங்காலமே எழுதிவிட்டேன். பால் அடுப்பில் இருந்தது, பொங்கி வழிந்து அணைந்து அடுப்பெல்லாம் தீய்ந்துபோனது, நான் எழுந்திருக்கவில்லை. மற்ற அத்தியாயங்களை எழுத ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் ஆனது, அது ஒன்று மட்டும் மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டது, ஒரு வார்த்தைகூட அடிக்கவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்கிற சந்தோஷம் முதலில் வந்ததா, ஐயோ என்பது முதலில் வந்ததா? சந்தோஷம்தான் முதலில். அதை என்னிடம் நானே மறைக்க முடியாது. அப்புறம் மறைக்கிற வேலையெல்லாம் செய்தேன். வெங்காயத்தைப் பருத்தியாக்கினேன், துணி துவைப்பதைப் பாத்திரம் கழுவுவதாக மாற்றினேன், பெயரை மாற்றினேன், ஊரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனேன், அவளுக்கு மகனுக்குப் பதில் இரண்டு பெண்களைக் கொடுத்தேன். தண்ணீரை மட்டும் மாற்ற முடியவில்லை. மோர் என்று எழுதிப் பார்த்தேன், கஞ்சி என்று எழுதிப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. ஏன் எழுந்து போகவில்லை என்பதற்கு மூன்று பக்கம் எழுதினேன். மாமியார் முன்னொரு காலத்தில் சொன்ன ஒரு சுடுசொல், பிறந்த வீட்டுக்குப் போகவிடாமல் தடுத்த ஒரு திருவிழா, பதினொரு மாத அலுப்பு, எல்லாம் நானாகக் கட்டியது. கீர்த்திவாசன் படித்துவிட்டுக் கூப்பிட்டு, மேடம், என்னால ரெண்டு நாள் தூங்க முடியல என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவளால் எத்தனை நாள் தூங்க முடியவில்லை என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவே இல்லை. சொல்லிவிடலாம் என்று நினைத்துப் படல் வரைக்கும் போய்த் திரும்பிய நாட்கள் உண்டு. அக்கா, உங்க கதையை எழுதிட்டேன். எப்படிச் சொல்வது அதை. அனுமதி கேட்டால் வேண்டாம் என்பாள், வேண்டாம் என்றால் கிழிக்க வேண்டும், கிழிக்க மனசு வராது, ஆகவே கேட்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் எழுத்தாளரின் சுதந்திரம், கலையின் நியாயம் என்றெல்லாம் மேடையில் பேசலாம். பேசியும் இருக்கிறேன்.

பத்தாக இருபது நிமிஷம். அவள் வருவதற்குள் எடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று கொய்யா மரத்தடிக்குப் போனேன். போனை நீட்டிப் பிடித்தால் என் தாடைதான் பெரிதாகத் தெரிந்தது. "வணக்கம், நான் சம்பூரணம்," அதற்குள் கோழி கத்தியது. மறுபடி. "இந்த மண்ணின் மனிதர்களை," பொய். மறுபடி. மண்ணாம், மனிதர்களாம். போன நாவலுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கூட்டம் வைத்தார்கள், அங்கே தொகுத்துப் பேசின பெண், இதோ வயலில் இருந்து நேராக நம் மேடைக்கு வந்திருக்கிறார் என்றாள். நான் குளித்து, பட்டு கட்டி, இரண்டு பஸ் மாறி, கழிப்பறை எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, அம்மா, உங்கள் கைகளை ஒருமுறை காட்டுங்கள் என்றார். காட்டினேன். கைதட்டினார்கள். எதற்குக் கைதட்டினார்கள்? இன்னொருவர், இது நிஜமாக நடந்ததா என்று கேட்டார். எல்லாக் கூட்டத்திலும் அதை ஒருவர் கேட்பார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே, கதைங்க, எல்லாம் கதைதான் என்றேன். இந்தப் புத்தகத்துக்கும் கேட்பார்கள், அதை எவனாவது போனில் பிடித்துப் போடுவான், நிவேதா திருப்பூரில் பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பாள், அத்தை, நம்ம சம்பூரணத்தம்மா பேசறாங்க பாருங்க என்று ஞாயிற்றுக்கிழமை வந்து அவளுக்குக் காட்டுவாள். அவள் பார்ப்பாள். மார்கழி மருந்தைக் கண்டுபிடித்தவள் இதையா விட்டுவிடுவாள். "வணக்கம், நான் சம்பூரணம், என்னுடைய புதிய நாவல்," பின்னால் மாடு சாணி போட்டது.

"போனு கூடப் பேசிட்டிருக்கறயா, போனுல பேசிட்டிருக்கறயா?"

பாவாத்தாக்காதான். மோருக்குச் செம்பு எடுத்து வந்திருந்தாள். "வாங்க்கா. மெட்ராஸ்ல கேட்டாங்க. பொஸ்தகத்தப் பத்திப் பேசி வீடியோ அனுப்போணுமாம்."

"பொஸ்தகம் வந்துருச்சா? சொல்லவே இல்ல?"

"நேத்துத்தானுங்க்கா வந்துது. அப்பறம் தர்றேன்."

"உன்ற மூஞ்சிய நீயே பாத்துட்டுப் பேசுனா எப்புடிப் பேச்சு வரும்? குடு இங்க, நான் புடிக்கறேன். நிவேதாவுக்கு நாந்தான புடிக்கறேன்." செம்பைக் கீழே வைத்தாள், கையைச் சேலையில் துடைத்தாள், போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தலைவலி என்று, அப்புறம் எடுத்துக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். எந்தப் பொய்யும் வேளைக்கு வரவில்லை, நாற்பத்தொன்பது வயதில் மூன்று நாவல் எழுதினவளுக்கு. "கொஞ்சம் இப்படி நவுரு. மாடு தெரியுது. செரி, பேசு."

பேசினேன். போன் அவள் முகத்தில் பாதியை மறைத்தது, மேலே நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. கண் திரையைப் பார்த்தது, நான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். வணக்கம் சொன்னேன், மனித மனத்தின் ஆழங்கள் என்றேன், குடும்ப அமைப்பு என்றேன், நவீன வாழ்வின் நெருக்கடி என்றேன், வாய் தன்பாட்டுக்கு ஓடியது, உள்ளே ஒருத்தி வேறு அத்தியாயங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். கிணறு வெட்டுகிற அத்தியாயத்தைப் பேசு, அது சிரிப்பாக இருக்கும், இல்லையென்றால் கல்யாணத்தில் பந்தி சண்டை, அதைப் பேசு, இன்னும் ஒரு நிமிஷம்தான், அதைச் சொல்லி முடித்துவிடு, மோரை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடு. பாவாத்தாக்கா போனைத் தாழ்த்தாமலே குறுக்கே பேசினாள். "ஏங்கண்ணு, ரேடியோவுல உரம் போடச் சொல்றாப்பல பேசற. ஒண்ணும் வெளங்கல. எனக்குச் சொல்றாப்பல சொல்லு. என்ன கதை?" எனக்குச் சொல்றாப்பல. வெயில் கொய்யா இலைக்குள் நுழைந்து அவள் நெற்றியில் விழுந்தது. கிணறு என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். "ஒரு பொம்பளைங்க்கா," என்று வந்தது. "அவளோட மாமியாளுக்கு வாதம். பதினொரு மாசம் கெடக்கறாங்க. இவதான் பாக்கறா. ஒருநாள் மத்தியானம் பொறத்தால ஏனம் கழுவிட்டிருக்கறா. உள்ள இருந்து கூப்பிடறாங்க. தண்ணின்னு." சொல்லும்போதே நிறுத்திவிடலாம் நிறுத்திவிடலாம் என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் பாதியில் நிறுத்துவது அதைவிடப் பெரிய ஒப்புதல் இல்லையா, நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று அந்தக் கண் கேட்கும், ஆகவே சொல்லிக்கொண்டே போனேன், இரண்டாவது தடவை கூப்பிட்டதைச் சொன்னேன், மூன்றாவது சத்தத்தைச் சொன்னேன். போன் மெல்லமெல்லக் கீழே இறங்கியது. என் மார்புக்கு, இடுப்புக்கு, காலுக்கு. முழு முகமும் தெரிந்தது. அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒன்றுமே இல்லை. கணக்கு வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவ எந்திரிக்கல," என்று முடித்தேன்.

மாடு மூச்சுவிட்டது.

"மூணு வாட்டியும் போகலையா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க்கா. கழுவி முடிச்சுட்டுத்தான் போறா. அதுக்குள்ள,"

"தெரியுது." பக்கத்தில் இருந்த மரக்கிளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "ஏஞ்சம்பூரணம், எழுதறது நீதான? பேனா உன்ற கையிலதான இருந்துது?"

"அக்கா,"

"நாந்தான் போகல. அவளையாச்சும் போக உட்டிருக்கலாமில்ல?"

இரண்டு வருஷமாக அவள் கேட்கப்போகிற கேள்விகளுக்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன், ஏன் எழுதினாய், ஏன் கேட்கவில்லை, ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், இன்னும் எத்தனையோ. இது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அவள் போனை என் கையில் வைத்தாள். "செவப்பு எரிஞ்சுட்டே இருக்குது, நிறுத்த மறந்துட்டேன். அனுப்பறதுன்னா அனுப்பிக்க." குரலை உயர்த்தவில்லை. "நீ என்கிட்டயா கேக்கப்போற." நடந்து போய்ப் படலைத் திறந்து அந்தப் பக்கம் போனாள். செம்பு மரத்தடியிலேயே இருந்தது.

வீடியோவைப் பார்த்தேன். பார்க்காமல் அழித்திருக்க வேண்டும், பார்த்தேன். நாலு நிமிஷம் பதினோரு விநாடி. முதலில் என் முகம், பொய்யாக. அப்புறம் என் முகம், பயந்துபோய். அப்புறம் என் கால்கள், செம்மண், உதிர்ந்த கொய்யாப் பிஞ்சு, அதற்கு மேல் அவள் குரல். நாந்தான் போகல. என் உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். மறைத்து என்ன பிரயோஜனம், அதைத்தான் நினைத்தேன், முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் இப்படி ஒரு வரி என்னிடம் இல்லையே என்று, அடுத்த பதிப்பில் சேர்க்க முடியுமா என்றுகூட மனசு ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அப்போதுதான் என்னைக் கண்டே எனக்குப் பயம் வந்தது. அவள் போய் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அழித்தேன். முப்பது நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும் என்றது போன். அங்கேயும் போய் அழிக்க விரல் தயங்கியது, ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு என்று தயங்கியது, கேட்காமல் அழித்தேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கீர்த்திவாசன் கூப்பிட்டார். "மேடம், வீடியோ?"

"சரியா வரலீங்க தம்பி. இன்னொரு நாள் பாக்கலாம்."

"ஐயோ மேடம், நாளைக்கு வெளியிடறோம். சரி, குரல் மட்டும் அனுப்புங்க. அவங்க ஏன் எழுந்து போகலைன்னு எல்லாரும் கேப்பாங்க. அதை உங்க வாயால சொல்லிடுங்க."

"எனக்குத் தெரியாது."

சிரித்தார். "என்ன மேடம், மூணு பக்கம் எழுதியிருக்கீங்க!"

"அது நானாச் சொன்னது. அவங்ககிட்ட நான் கேக்கவே இல்ல."

"யாருகிட்ட?" என்றார். சட்டென்று அவர் குரலில் ஒரு ஆவல், எனக்கு அந்த ஆவல் நன்றாகத் தெரியும், அது என்னுடையதுதான். "மேடம், அப்ப இது உண்மையிலேயே,"

"ஒண்ணுமில்லீங்க. கதைதான்," என்று வைத்துவிட்டேன். அது வரைக்கும் எனக்கே தெரியாத விஷயம் அது, வாய் சொன்ன பிறகுதான் தெரிந்தது, நான் அவளைக் கேட்கவே இல்லை. களத்தில் அவள் என்னைப் பார்த்த அந்த ஒரு நிமிஷம், கேட்பேன் என்று எதிர்பார்த்துத்தான் பார்த்தாளோ. ஏனுங்க்கா போகல? ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்காமல் வீட்டுக்கு வந்து சுடுசொல்லையும் திருவிழாவையும் கட்டி அவள் தலையில் வைத்தேன். போன் மறுபடி அடித்தது, கட்டில்மேல் புத்தகங்களுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். செருப்பு போடவில்லை என்பது வேலியைத் தாண்டும்போதுதான் தெரிந்தது, கிளுவை முள் குத்தியது. என்ன சொல்லப்போகிறேன்? மன்னிப்பா? மன்னிப்பு கேட்டால் அவள் விடு கண்ணு என்பாள், நான் அன்றைக்குச் சொன்ன அதே மாதிரி, அதோடு எல்லாம் மூடிக்கொள்ளும். விரட்டுவாளா? விரட்டினால் போய்விடலாம், அது ஒரு வகையில் நிம்மதி. பேசாமல் இருந்தால்? இன்றைக்குப் பேசாமல், நாளைக்குப் பேசாமல், படலுக்குத் தாழ்ப்பாள் போட்டு.

அவள் தென்னை மரத்தடியில் குந்தி மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் நாலடி தள்ளி நின்றேன். நிழல் அவள்மேல் விழுந்திருக்கும், தெரிந்திருக்கும், நிமிரவில்லை. ஒரு கைப்பிடி, இன்னொரு கைப்பிடி. புல் அறுபடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றேன். "அன்னைக்கு நீங்க ஏன் போகலைன்னு நான் கேக்கவே இல்லைங்க்கா."

அருவாள் நின்றது. அவள் முதுகு ஒரு தடவை பெரிதாக ஏறி இறங்கியது. பிறகு மறுபடி அறுக்க ஆரம்பித்தாள். சொல்லமாட்டாள் என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாமா என்று காலை எடுத்தபோது, நிமிராமலே சொன்னாள்: "கூரையில இன்னொரு அருவா சொருகியிருக்குது. எடுத்துட்டு வந்து உக்காரு."

எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பேசினால் கேட்கலாம், கேட்டதைக் கேட்டதோடு விட்டுவிடலாம், இந்த ஒரு தடவை என்னால் முடியும், முடிய வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே புல்லைப் பிடித்தேன். அறுத்த புல்லின் பச்சை வாசம் ஏறியது. அதற்கு என்ன சொல் போடலாம் என்று மனசு தேட ஆரம்பித்ததும் பயந்துபோய் அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்து அவள் பேச ஆரம்பித்தாள்.